புஷ்பம் தொடாத சோறு

எங்கள் டே கெயாரில் பன்னிரண்டு பிள்ளைகள். சிங்களப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை எல்லாம் ஒரே பாயில்தான் நித்திரை கொள்ளும். சண்டை பிடிக்கும்போதும் மொழி பார்த்துப் பிடிப்பதில்லை. நான் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து, கண்டியிலேயே ஓய்வு பெற்ற ஆசிரியை. பதிவேட்டையும் பெற்றோரையும் பார்த்துக்கொள்வது என் வேலை. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது புஷ்பம்.

புஷ்பம் மஹய்யாவக்காரி; கண்டியில் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பு அது. அவள் அப்பா மாநகரசபையில் வீதி கூட்டியவர். எப்பேர்ப்பட்ட அழுகுணிப் பிள்ளையும் அவள் இடுப்பில் ஏறினால் இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும். மூக்குத் துடைப்பாள், குளிப்பாட்டுவாள், வாந்தியைக்கூட முகம் சுளிக்காமல் அள்ளுவாள். சோறு மட்டும் கரண்டியால்தான் ஊட்டுவாள். நல்ல சுத்தக்காரி என்று மெச்சி, புதிதாக அரை டசன் கரண்டி வாங்கிக் கொடுத்தவள் நான். என் மூளை எங்கே போயிருந்ததோ தெரியாது.

இரண்டாயிரத்து மூன்றில் பக்கத்து ஊரான வத்தேகமையிலிருந்து சோமலதா வந்தாள். தபால் கந்தோரில் புது வேலை. இரண்டு வயது நெத்மியைப் பார்க்க வீட்டில் ஆளில்லை. நெத்மி எங்களோடு நன்றாகச் சேர்ந்துகொண்டாள். ஆனால் கரண்டியைக் கண்டதும் வாயை இறுக்கி மூடிவிடுவாள். மூன்று கிழமையில் பிள்ளை பாதியாகிவிட்டது.

"பபா பத் கேவே நே." பிள்ளை சோறு சாப்பிடவில்லை என்று புஷ்பம் தினமும் பின்னேரம் சோமலதாவிடம் சொல்லுவாள். கடைத்தெருவில் பேரம் பேசப் புஷ்பத்தின் சிங்களம் தாராளம். ஒரு தாய்க்கு நோகாமல் சொல்ல அது போதவில்லை. சோமலதா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

ஒரு நாள் மத்தியானமே வந்து நின்றாள். வேலையை விடப் போவதாகச் சொன்னாள். பிறகு அழுதுகொண்டே சிங்களத்தில் கொட்டித் தீர்த்தாள். பிள்ளைக்கு அவர்கள் வீட்டில் கையால் உருட்டித்தான் ஊட்டுவார்களாம். "இந்த அக்கா ஒரு நாளாவது கையால் தொட்டாளா? என் பிள்ளையின் சோறு அவளுக்கு அருவருப்பு."

புஷ்பத்துக்கு முழுதும் விளங்கவில்லை. நான் தமிழில் சொன்னேன்.

"அருவருப்பா? எனக்கா? ஐயோ டீச்சர்!" என்றாள் புஷ்பம். "பதினஞ்சு வயசுல ஒரு வீட்டுல வேலைக்கு நின்னேன். அவங்க புள்ளைக்குச் சோறு பெசஞ்சு ஒரு வாய்தான் ஊட்டுனேன். மஹய்யாவக்காரி கை பட்ட சோறுன்னு அந்தம்மா தட்டோட தூக்கி வெளிய வீசிட்டாங்க. அன்னையிலருந்து அடுத்தவங்க புள்ளைக்குக் கையால ஊட்டுறதில்ல. பெத்தவங்க மனசு சங்கடப்படக் கூடாதுன்னுதான் கரண்டி."

"இதை ஏன் எனக்குச் சொல்லேல்லை, புஷ்பம்?"

"நீங்க கரண்டி வாங்கிக் குடுத்தீங்களே டீச்சர். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

அப்படியும் இப்படியுமாகச் சிங்களத்தில் சோமலதாவிடம் சொல்லி முடித்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாயில் உட்கார்ந்து நெத்மியின் சோற்றுப் பெட்டியைத் திறந்து, புஷ்பத்தின் கையைப் பிடித்துச் சோற்றுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"அதின் கவன்ன, அக்கே." கையால் ஊட்டுங்கள் அக்கா.

புஷ்பம் கையை விடுவித்துக்கொண்டு போய்ச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். மறுபடியும் ஒரு தரம் கழுவினாள். வந்து, பருப்பும் சோறும் பிசைந்து சின்னதாக ஓர் உருண்டை பிடித்தாள். நெத்மி உருண்டையைப் பார்த்தாள், புஷ்பத்தின் முகத்தைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள். எட்டு உருண்டை இறங்கியது.

ஒன்பதாவதை நெத்மி வேண்டாமென்று தள்ளினாள். புஷ்பம் அதைப் பெட்டியில் வைக்கப் போனபோது சோமலதா முகத்தை நீட்டித் தன் வாயைத் திறந்தாள். புஷ்பம் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். பிறகு ஊட்டினாள்.

"டீச்சர்," என்றாள் அழுகையும் சிரிப்புமாக, "எங்க வீட்டு ஆளுங்களத் தவிர யாரும் என் கையால சாப்பிட்டதில்ல."

அப்போது ஆறு வருடமாக அவளோடு வேலை செய்துகொண்டிருந்தேன். தினமும் என் சாப்பாட்டை என் மேசையில் தனியாகத்தான் சாப்பிட்டேன். அவளோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. வெட்கமாக இருந்தது. கதிரையை விட்டு எழுந்து போய், புஷ்பத்தின் முன்னால் பாயில் உட்கார்ந்தேன்.