மாமனாருக்கு ஒதுக்கிய பக்கம்

யுத்தம் முடிந்த மறு வருஷம், என் டைரியின் கடைசிப் பக்கத்தை மாமனாருக்கு ஒதுக்கினேன். அவருக்கு எழுபத்திரண்டு வயது. மாட்டுங்காவில் எங்களோடு இருந்தார். ஞாயிறுதோறும் தனியாக ரயிலேறி, குர்லாவில் வண்டி மாறி, செம்பூரிலிருந்த பழைய சிநேகிதரோடு சதுரங்கம் ஆடிவிட்டு வருவார். அந்த வயதில் புத்தி தேய்ந்துதான் ஆகும் என்றார்கள் ஆபீசில். நானும் நம்பினேன். அவருடைய மறதிகளை அந்தப் பக்கத்தில் எழுதி வந்து, பத்து சேர்ந்ததும் செம்பூர்ப் பயணத்தை நிறுத்திவிடுவது என்று தீர்மானித்தேன்.

பேரனை, அதாவது என் பையனை, தன் மகன் பெயரால் கூப்பிட்டது ஒன்று. குடையைக் கடையில் விட்டு வந்தது இரண்டு. இப்படி எட்டு வந்துவிட்டது. காலையில் காலண்டர் தாளைக் கிழிப்பது அவர் வேலை. ஒரு வியாழனன்று அதில் வெள்ளி தெரிந்தது. ஒன்பது என்று எழுதும்போது மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அது நீங்கன்னா கிழிச்சது. சவர பிளேடைத் துடைக்கக் கிழிச்சேளே!"

"எனக்கு ஞாபகமில்லை."

"அப்போ இதை எந்தப் பக்கத்திலே எழுதப்போறேள்?"

தகப்பனாருக்குப் பரிந்து பேசுகிறாள் என்று நினைத்தேன். ஒன்பதை அடிக்கவில்லை.

அந்த ஞாயிறு அவருக்குத் தெரியாமல் பின்னாலேயே போனேன். அவர் டிக்கட் வாங்கும்வரை தூணுக்குப் பின்னால் நின்றேன். பிறகு அடுத்த பெட்டியில் ஏறினேன். குர்லாவில் இறங்கியவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நானும் இறங்கிச் சற்றுத் தள்ளி நின்றேன். செம்பூர் வண்டி அவர் கண்ணெதிரே கிளம்பிப் போயிற்று. பத்து! பென்சிலை எடுத்தேன்.

"டிக்கட்?" என்றார் பரிசோதகர்.

நான் டிக்கட்டே எடுக்கவில்லை. தினம் பாஸில் போகிற பழக்கம். ஆனால் என் பாஸ் கோட்டையிலுள்ள ஆபீசுக்குப் போகத்தான். இந்தப் பக்கம் செல்லாது.

மாமனார் எழுந்து வந்து இரண்டு டிக்கட்டுகளை நீட்டினார்.

"மாட்டுங்காவிலேயே பார்த்தேன், மாப்பிள்ளே. தூணுக்குப் பின்னாலே நிக்கறவர் எங்கே டிக்கட் எடுக்கப்போறார்னு ரெண்டா வாங்கிட்டேன். நீங்க வரட்டும்னுதான் இந்த வண்டியை விட்டேன்." பிறகு என் பென்சிலைப் பார்த்தார். "எழுதிக்கோங்கோ. பத்து ஆயிடுத்தோன்னோ?"

பையன் பெயரை நானும்தான் மாற்றிக் கூப்பிட்டிருக்கிறேன். அவர் மறந்தால் வயது என்றும், நான் மறந்தால் வேலைத் தொந்தரவு என்றும் வைத்திருந்தேன். பத்தாவதை எழுதினேன், என் பெயரில்.

அடுத்த ஞாயிறும் அவர் தனியாகவே செம்பூர் போனார். பத்து என்ற கணக்கை அவரிடம் யார் சொன்னது என்பது மட்டும் இன்றுவரை துலங்கவில்லை. மனைவி மேல்தான் சந்தேகம்.