ஹட்டுசா அரசர் போட்ட நிபந்தனை

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு, ஒஸ்லோ நகரின் வெஸ்ட்லிப் பகுதியில் பனி கொட்டிய ஒரு சனிக்கிழமை மத்தியானம். என் நெருங்கிய நண்பரின் மகள் பையோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். மருத்துவப் படிப்பை விட்டு மூன்று மாதமாகிவிட்டதாம். வீட்டில் மறைத்திருக்கிறாள், அன்று காலை பிடிபட்டுவிட்டாள். தகப்பனோ போகிற கலியாண வீடெல்லாம் "என்ரை மகள் டொக்டர்" என்று சொல்லித் திரிந்தவர்.

கொஞ்ச நேரத்தில் அவரே தொலைபேசியில் வந்தார்.

"மச்சான், அவளை உடனை அனுப்பிவிடு. மிச்சத்தை நான் பாக்கிறன்."

அந்த 'மிச்சம்' என்னவென்று நான் கேட்கவில்லை. அனுப்பினால் பிள்ளை உடைந்துபோவாள். அனுப்பாவிட்டால் இருபது வருட நட்பு முறிந்துபோகும். பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அப்போது எங்களுடன் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் கீழ்மாடித் துருக்கிக்காரர். அவருடைய ஊர் ஹட்டுசாவுக்குப் பக்கம். மூவாயிரத்து இருநூறு வருடங்களுக்கு முன் ஹிட்டைட் பேரரசின் தலைநகரம் அது. மலைச்சரிவெல்லாம் கல்மதில், வாசலில் கற்சிங்கங்கள். இளவயதில் அங்கே அகழாய்வுக்கு மண் சுமந்தவர். நடந்ததைக் கேட்டுவிட்டு, தங்கள் அரசர் இதற்கு வழி எழுதி வைத்திருக்கிறார் என்றார். எகிப்துடன் செய்த சமாதான உடன்படிக்கையாம். ஓடிப்போனவரைத் திருப்பி அனுப்பத்தான் வேண்டும்; ஆனால் அவரைத் தண்டிக்கக் கூடாது. கண், காது, வாய், கால் எதற்கும் ஊறு வரக் கூடாது. குடும்பத்தையும் தொடக் கூடாது.

நான் அசந்துபோனேன். தேர்ப்படை வைத்திருந்த பேரரசர்கள், ஓடிவந்த ஒரு மனிதனின் காலைப் பற்றி யோசித்திருக்கிறார்கள்!

நண்பரைத் தொலைபேசியில் அழைத்து அதையே நிபந்தனையாகச் சொன்னேன்.

"என்னடாப்பா, நான் என்ன அவளின்ரை கண்ணையே தோண்டப்போறன்?"

"காதும் இருக்கு மச்சான். அதிலை விழுற கதையும் கணக்குத்தான்."

"அப்ப நான் ஒண்டுமே கதைக்கக் கூடாதோ?"

"இண்டைக்குக் கூடாது."

"ஓம்" என்றார்.

ஒரு மணித்தியாலத்தில் வந்தார். மகளைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் குனிந்து, அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அவளும் பின்னால் போனாள்.

பிழை விட்ட ஒருவரை வீட்டுக்குப் போகச் சொல்வதற்கு முன்னர், அங்கே அவருக்காக என்ன காத்திருக்கிறது என்று கேட்டுவைப்பது என் பொறுப்பு என்பதை, நான் பார்த்தேயிராத அந்தக் கல்நகரத்து மனிதர்களிடம்தான் கற்றுக்கொண்டேன்.