பத்து எம்எம் ட்யூபும் பத்தடி பேனரும்

போன மாதம் என் டிசைன் கம்ப்யூட்டரின் சூடு தணிக்க வாட்டர் கூலிங் மாட்ட, செஞ்சி கடைத்தெருவில் பைப் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் ட்யூப் கேட்டேன்.

“உள்ளளவு பத்து எம்எம், வெளியளவு பதிமூணு இருக்கணும்ணா.”

“பத்து எம்எம்னா பத்து எம்எம்தாம்மா. வெளிய எவ்ளோ இருந்தா இன்னா? கம்ப்யூட்டருக்கு சொட்டுநீர்ப் பாசனமா?”

கடையில் நின்ற மேஸ்திரிகள் எல்லாம் சிரித்தார்கள். கூச்சத்தில் அளந்து பார்க்காமல் வாங்கி வந்துவிட்டேன்.

ட்யூப் மெலிசு. அதை இறுக்கிப் பிடிக்க வேண்டிய வளையம் பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் தண்ணீர் சொட்டி கிராஃபிக்ஸ் கார்டு போய்விட்டது. போய்ச் சொன்னேன்.

“நீ சரியா மாட்டலம்மா” என்றார்.

இன்று காலை அதே அண்ணன் என் ஃபிளெக்ஸ் கடைக்கு வந்தார். சாயந்தரம் அவருடைய புதுக் கடை திறப்பு விழாவாம். பத்தடிக்கு நாலடி பேனர் வேண்டுமாம்.

“ஃப்ரேம் அளவாண்ணா, மடிப்பு சேத்தா?”

“பத்தடினா பத்தடிதாம்மா. எனக்கே அளவு சொல்லித் தர்றியா?”

ஃப்ரேமில் மடித்துக் கட்டுவதற்காக நாலு பக்கமும் மூன்று இன்ச் சேர்த்து அச்சடிப்பது என் வழக்கம். யாரும் கேட்க வேண்டியதில்லை.

இன்று சேர்க்கவில்லை.

சற்று முன் ஏணி மேலிருந்தே போன் செய்தார்.

“ஏம்மா, பேனர் எட்டல! மடிச்சா சுத்தியும் கம்பி தெரியுது!”

“நீங்க சரியா மாட்டலண்ணா” என்றேன்.

மடிப்போடு அடித்த இன்னொரு பேனர் என் மேசை மேல் தயாராக இருக்கிறது. திறப்பு விழாவுக்கு முன்னால் கொடுக்கவா, முடிந்த பிறகு கொடுக்கவா? நீங்களே சொல்லுங்கள்.