ஆறு கார், ஆறு தலை

போன மாதம் ஒரு காலை. புதுக்கோட்டையில் சிவப்பு சிக்னல். சும்மா எண்ணிப் பார்த்தேன் - என்னுடையதையும் சேர்த்து ஆறு கார். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு தலை. பச்சை விழுந்ததும் ஆறும் ஆலங்குடி சாலையில்தான் திரும்பின.

ஒரே பாதைக்கு எதற்கு ஆறு கார்?

ஒரே காரில் சேர்ந்து போக அன்றைக்கே வாட்ஸ்அப் குரூப் ரெடி. நான் வேலை பார்ப்பது திருவரங்குளத்தில். அங்கே போக 8.40 பஸ்ஸுக்கு நிற்கும் மூன்று பேரைப் பிடித்து என் காரில் ஏற்றினேன். ஒரே தெருவில் வருஷக்கணக்காகப் பேசாமல் இருந்த இருவர் பின் சீட்டில் சம்பந்திகள் மாதிரி பேசினார்கள். ஒருவர் லேட் என்றால் நால்வரும் லேட். அது போகட்டும், பழகிவிடும் என்று நினைத்தேன்.

இந்த வாரம் கார் சர்வீஸுக்குப் போனது. மூவரும் அன்றைக்கு ஆட்டோ பிடித்துவிட்டார்கள்; நான் 8.40 பஸ்ஸில் ஏறினேன்.

"வாங்க தம்பி, எங்க ஆளுகளை அங்கிட்டு இழுத்தது நீங்கதானா?" என்றார், ஸ்டாப்பில் நான் ஆள் ஏற்றுவதைப் பார்த்திருந்த கண்டக்டர். "இப்படியே கொறைஞ்சா இந்த ட்ரிப்பை வேற ரூட்டுக்கு மாத்திருவாங்க."

முன் சீட்டில் இருந்தவர் திரும்பினார். மாலதி அக்கா. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர்.

"பாப்பாவ ஸ்கூல்ல விட்டுட்டு இதத்தான் பிடிக்கிறேன். இது போச்சுன்னா அடுத்தது பத்தேகால். அப்பறம் எப்ப ஒலை வைக்கிறது?"

"என் கார்ல வாங்கக்கா" என்றேன், அவசரமாக.

"நான் வாரேன். பின்னாடி இருக்குற இருவது பேரையும் மடியில வச்சுக்கிருவீங்களா?"

பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாலையில் ஒரு கார்கூடக் குறையவில்லையே... பஸ்ஸில்தானே மூன்று சீட் காலி! தனியாகக் காரில் போகிறவர்களைக் கேட்கக் கூச்சம். அதனால், ஏற்கெனவே சேர்ந்து போகிறவர்களைப் போய்ப் பிரித்திருக்கிறேன்.

அன்று சாயங்காலமே மூவரையும் பஸ்ஸுக்குத் திரும்பச் சொன்னேன். "ஏசிக்குப் பழக்கிட்டு இப்ப எறங்கச் சொன்னா எப்புடிங்க?" என்று கோபித்துக்கொண்டார் மூவரில் ஒருவரான டீச்சர். ஆனாலும் மறுநாள் ஸ்டாப்பில் நின்றார் - மாலதி அக்கா பக்கத்தில்.

சிக்னலில் தினமும் என் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கார் நிற்கும். உள்ளே ஒரே தலை. திங்கட்கிழமை அந்தக் கண்ணாடியைத் தட்டப் போகிறேன். அவர் என் காரில் ஏறட்டும், இல்லை நான் அவர் காரில் ஏறுகிறேன். ஒரு கார் வீட்டில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில், மனிதர் கண்ணாடியை இறக்க வேண்டுமே!