சங்கு ஊதினால் எந்தப் பக்கம் ஓடுவது

இயற்கைச் சீற்றத்துக்கு ஊர்மக்களைத் தயார்படுத்த மாணவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சுற்றறிக்கை வந்தது. பேச்சுப்போட்டி வைத்து முடித்துவிடலாம் என்றார் தலைமையாசிரியர். எனக்கு எரிச்சலாக வந்தது. பெரியநாயக்கன்பாளையத்துக்குப் பக்கத்திலிருந்த எங்கள் பள்ளி ஜன்னலிலிருந்து பார்த்தாலே பள்ளம் தெரியும். மேற்கே மலையில் மழை பெய்தால் தண்ணீர் இறங்கி வரும் ஓடை அது. வருஷத்தில் முக்கால்வாசி நாள் காய்ந்து கிடக்கும். அந்தத் தைரியத்தில் முதலில் கரையிலும் பிறகு பள்ளத்துக்குள்ளேயும் ஒட்டி ஒட்டி வரிசையாக லைன் வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார்கள். என் ஒன்பதாம் வகுப்பில் பதினோரு பிள்ளைகள் அங்கிருந்துதான் வந்தார்கள். வெள்ளம் வந்தால் அத்தனை பேரும் மேட்டு ரோட்டுக்கு ஏறியாக வேண்டும். இதில் பேச்சுப்போட்டி என்ன கிழிக்கும்?

பள்ளத்துக்கு அக்கரையில் ஒரு மில் இருந்தது. அங்கே போய்ப் பேசினேன். ஒரு சனிக்கிழமை பதினொரு மணிக்கு, ஷிப்ட் நேரமில்லாத நேரத்தில், ஆலைச் சங்கை ஊத ஒப்புக்கொண்டார்கள். பிள்ளைகள் ஒரு வாரம் வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள்: சங்கு கேட்டால் மேட்டுக்கு ஏறுங்கள்.

சங்கு ஊதியது. பெண்கள் வீட்டைவிட்டு ஓடி வந்தார்கள். மேட்டுக்கு அல்ல, பள்ளத்தில் இறங்கி, அக்கரை ஏறி, மில் கேட்டுக்கு. உண்மையிலேயே வெள்ளம் வந்திருந்தால் அத்தனை பேரையும் நானே கூப்பிட்டுக் கொன்றிருப்பேன்.

கேட்டில் நின்ற ஓர் அம்மாவிடம் கத்தினேன். "மேட்டுக்குப் போகோணும்னு சொன்னமல்ல?"

"சொன்னீங்க டீச்சர், இல்லைங்கல. போன தடவ நேரங்கெட்ட நேரத்துல ஊதுனப்ப உள்ள தீப்புடிச்சிருந்துச்சுங்க. எங்க ஊட்டுக்காரரு உள்ள இருக்காரு. சங்கு கேட்டா காலு நிக்குமுங்களா?"

சங்கு என்றால் அவர்களுக்கு என்ன அர்த்தம் என்று நான் ஒருவரிடமும் கேட்கவில்லை. முட்டாள்தனம் என்னுடையது.

திங்கட்கிழமை வகுப்பில் கேட்டேன். எதைக் கேட்டால் உங்கள் வீட்டில் எல்லோரும் மேட்டுக்கு ஓடுவார்கள்?

"ரேசன் கடையில சீமெண்ணெய் ஊத்துறாங்கன்னாப் போதுமுங்க," என்றான் ஒருவன். "எங்கம்மா செருப்புக்கூடப் போடாது."

வகுப்பே சிரித்தது. ரேஷன் கடை மேட்டு ரோட்டில்தான் இருந்தது.

"அப்ப வெள்ளம் வந்தா சீமெண்ணெய்னு பொய் சொல்லிப்போடலாமுங்க டீச்சர்!"

"ஒரு தடவ ஓடியாருவாங்க. அடுத்த தடவ கேனாலயே உன்னைய மொத்துவாங்க. உக்காருடா."

ஆனால் அந்தச் சீமெண்ணெய் என் மண்டையைவிட்டுப் போகவில்லை. மணி இல்லை, மைக் இல்லை. பீப்பாய் வந்திறங்கிப் பத்து நிமிஷத்தில் கடை முன்னால் கேன்கள் வரிசையாக நிற்கின்றன. யார் யாருக்குச் சொல்கிறார்கள்? பிள்ளைகளிடம் அதைத்தான் கண்டுபிடித்துவரச் சொன்னேன். அடுத்த தடவை சீமெண்ணெய் வந்த அன்று ஆளுக்கொரு மூலையில் நோட்டோடு நின்றார்கள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வரைபடம் போட்டோம். கடைக்கு எதிரில் துணி தைக்கும் அக்காதான் முதலில் பார்க்கிறார். அவர் குழாயடிக்குக் குரல் கொடுக்கிறார். அங்கிருந்து மூன்று லைனுக்கும் சேதி பிரிகிறது. அம்புக்குறி போட்டுக்கொண்டே போனோம். எனக்கே வியப்பாக இருந்தது.

லைன் வீட்டிலிருந்து வரும் மாணவி ஒருத்தி மட்டும் கீழே மூன்று வீடுகளுக்கு அம்பு போடவில்லை.

"இந்த மூணு ஊட்டுக்கு யாருமே சொல்லலைங்க டீச்சர்."

"நீ ஒழுங்காப் பார்த்திருக்க மாட்டே. மறுக்காப் போய்ப் பாரு."

"பாத்தாச்சுங்க. அவுங்களுக்கு ரேசன் கார்டே இல்லீங்க. கார்டு இல்லாதவங்ககிட்டச் சீமெண்ணெய் வந்துருச்சுன்னு எதுக்குங்க சொல்லோணும்?"

பள்ளத்தில் ஆக அடியில் இருந்த வீடுகள் அந்த மூன்றும்தான். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்கள். தண்ணீர் முதலில் நுழைவது அங்கே. சேதி மட்டும் போகாது.

சங்கை விட்டுவிட்டோம். வெள்ளச் சேதியும் சீமெண்ணெய் போகும் வழியிலேயே போகட்டும் என்று முடிவு செய்தோம். மலைப்பக்கம் கருத்தால் முதல் குரல் கொடுக்கத் தைக்கும் அக்காவும், அதைக் கடத்தக் குழாயடிப் பெண்களும் சரி என்றார்கள். அந்த மூன்று வீடுகளை அம்பு போடாத அந்த மாணவியே எடுத்துக்கொண்டாள்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் கோவை காந்திபுரத்தில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். மதியத்துக்கு மேல் வடமேற்கே மலைப்பக்கம் கருத்துக்கிடந்தது. பஸ் ஏறினேன். பாலத்துக்கு முன்னாலேயே பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். இறங்கி நனைந்துகொண்டே நடந்தேன். செந்தண்ணீர் வாழை மரங்களைப் புரட்டிக்கொண்டு போனது.

பூட்டிய ரேஷன் கடை வராந்தாவில் கூட்டம். "அந்த மூணு ஊடு?" என்றுதான் முதலில் கேட்டேன். அந்த மாணவி கையைக் காட்டினாள். மூன்று குடும்பமும் சுவரோரம் உட்கார்ந்திருந்தது. மேல் லைன்களில் முழங்கால் அளவுத் தண்ணீர்தான். அவர்களுடைய மூன்று வீடுகளும் சுவரோடு போய்விட்டன.

மடியில் குழந்தையோடு இருந்த அம்மா என்னைப் பார்த்து எழுந்தார். "இந்தப் புள்ள அடுப்புல சோறு வெக்கறப்ப வந்து கையப் புடிச்சு இழுத்துட்டு வந்துச்சுங்க. உங்க படத்துல எங்க ஊடும் இருக்குதாமே. அதக் காட்டுனா கார்டு குடுப்பாங்களா டீச்சர்?"

தெரியவில்லை என்றேன். மறுநாள் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுக் காலண்டர் தாளைச் சுருட்டிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்தவர் தாளை விரித்து, அம்புக்குறிகளை எல்லாம் மரியாதையாகப் பார்த்தார்.

"நல்லாப் பண்ணியிருக்கீங்க டீச்சர். ஆனா இப்ப அங்க ஊடே இல்லீங்களே. எந்த விலாசத்துக்குங்க கார்டு குடுக்கறது?"