மூன்று பிடி மண்

திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்கு மழைநீர்க் கால்வாய் தோண்ட வந்தவர்களில் அவரும் ஒருவர். நரைத்த மீசை, வெயிலில் கறுத்த கழுத்து. மற்றவர்கள் மண்ணை அள்ளி வீசுவார்கள். அவர் மட்டும் ஒவ்வொரு கட்டியையும் விரலால் உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் கூடையில் போடுவார்.

டீ கொடுத்தபோது காரணம் கேட்டேன்.

"கிரீஸ் நாட்ல கத்துகினது நைனா. கப்பல் வேலைய வுட்டுட்டு, அங்க ஆர்கேடியான்ற மலைப்பக்கம் ஆலிவ் தோட்டத்துல இருந்தேன். பக்கத்துல பழைய ஊரு ஒண்ணைத் தோண்டுறாங்கன்னு கூப்ட்டாங்க. உள்ள எதுனா பழைய பொருள் இருக்கும்னு, கட்டிய ஒடச்சுப் பாக்காம வெளிய போடக்கூடாது."

ஒருநாள் மண்ணுக்குள் ஒரு பெரிய தாழி கிடைத்ததாம். உள்ளே இரண்டாயிரம் வருடங்களுக்கு முன் இறந்த கைக்குழந்தையின் எலும்புகள். நம் பக்கம் அடக்கம் செய்யும்போது போடுவதுபோல, இவர் யோசிக்காமல் மூன்று பிடி மண்ணை அள்ளி அதன்மேல் போட்டுவிட்டார்.

"எந்தக் காலத்து மண்ணுன்னே தெரியாம கலந்துட்டியேன்னு அங்க தோண்டுறத பாத்துகினு இருந்த மேடம் கத்துச்சு. அன்னிக்கே வேலைய வுட்டு அனுப்ட்டாங்க. அது சொன்னதும் கரீட்டுதான்."

"செத்து ரெண்டாயிரம் வருஷம் ஆன குழந்தைக்கா மண் போட்டீங்க?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அது எப்பவோ செத்துச்சு. எனக்கு அன்னிக்குத்தானே தெரிஞ்சுது."

இதை அந்த மேடத்திடம் சொல்லும் அளவுக்கு அவருக்கு அந்த ஊர் மொழி தெரிந்திருக்குமா என்று இன்னும் யோசிக்கிறேன்.