கண்ணாடி பாயும் விரதம் இருந்த மீன்களும்

திருவண்ணாமலையில் ஹபீப் முகம்மது என்று விசாரித்தால் நாலு பேர் நாலு வீட்டைக் காட்டுவார்கள். கண்ணாடி பாய் என்றால் ஒரே ஒருவர்தான். அவர் மூக்குக் கண்ணாடி போட்டவரும் இல்லை, கண்ணாடிக் கடை வைத்தவரும் இல்லை. முகம் பார்க்கும் கண்ணாடியின் உடைந்த துண்டு ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊரில் உள்ள கிணறுகளை எல்லாம் எட்டிப் பார்ப்பதுதான் அவருடைய உத்தியோகம். சர்க்கார் பாஷையில் மலேரியா களப்பணியாளர், தற்காலிகம். அந்தத் ‘தற்காலிகம்’ ஒன்பது வருஷமாக அவரை விட்டுப் போவதாக இல்லை.

வேலை இதுதான். வாரம் ஒரு தடவை வீடு வீடாகப் போக வேண்டும். வெயிலைக் கண்ணாடியில் பிடித்துக் கிணற்றுக்குள் அடித்து மூலை முடுக்கெல்லாம் பார்க்க வேண்டும். ஒரு வாளி சேந்தி, வெள்ளை எனாமல் கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றி, கொசுப்புழு நெளிகிறதா என்று கவனிக்க வேண்டும். பிறகு வாசல் சுவரில் காவியால் போட்டிருக்கும் கட்டத்தில் தேதியும் கையெழுத்தும். புழு இருந்தால் மீன் விட வேண்டும். ஆபீஸ் சிமெண்டுத் தொட்டியில் வளரும் அந்த மீன் சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. புஸ்தகத்தில் கம்பூசியா, ஊரார் வாயில் கொசு மீன். “பாய், குழம்புக்கு எத்தினி விடணும்?” என்று கேட்டுக் கேட்டு ஊரே சிரித்தாகிவிட்டது. ஒன்பது வருஷமாக ஒரே கேள்விக்குச் சிரித்துக் காட்டுவது லேசான காரியம் இல்லை. சர்க்கார் அதற்கும் சேர்த்துச் சம்பளம் கொடுத்திருக்க வேண்டும்.

எண்பதாம் வருஷம் ஆடி மாதம் ஆபீசில் ஒரு செய்தி வந்தது. வேலூரிலிருந்து அதிகாரி ஒருவர் நேரில் வந்து கிணறுகளைப் பார்க்கப் போகிறார். எவருடைய பகுதியில் ஒரு கிணற்றில்கூடப் புழு இல்லையோ அவர் பெயர் நிரந்தரப் பட்டியலில் ஏறும். ஹபீப்புக்கு அடுத்த தையில் நாற்பது முடிகிறது. அதற்குப் பிறகு பட்டியலும் கிடையாது, ஒன்றும் கிடையாது.

“இந்தத் தபா போச்சுன்னா பேசாம எங்கண்ணன் பீடிக்கடையில உக்காந்துக்குங்க. அங்க யாரும் உங்களைத் தற்காலிகம்னு சொல்ல மாட்டாங்க” என்றாள் மனைவி அஜ்மத் பேகம். அண்ணனும் அதற்காகவே ஒரு முக்காலி வாங்கிப் போட்டிருந்தான். அந்த முக்காலி கண்ணில் படக்கூடாது என்றே ஹபீப் அந்தக் கடைப் பக்கம் போவதில்லை.

அவர் பகுதியில் இருநூற்றுச் சொச்சம் கிணறுகள். எல்லாம் சுத்தம். ஒன்றைத் தவிர. அது திருவூடல் தெருவில் சாம்பமூர்த்தி குருக்கள் வீட்டுக் கிணறு.

குருக்கள் கோயிலில் கணீரென்று மந்திரம் சொல்லுகிறவர். வீட்டுக்குள் வந்தால் ஊமை. வீட்டை நடத்தியது அவர் மனைவி அபீதகுஜாம்பாள். ஆனி மாதமே ஹபீப் அந்தக் கிணற்றுக்கு மீன் கொண்டுபோனார். அம்மாள் வாசற்படியிலேயே வழி மறித்தாள்.

“மீனா? சிவ சிவா. இந்தத் தண்ணியிலதான் மடியாப் பொங்கறோம். இதுல மீனை விடறதாவது.”

“கம்மிதாங்கம்மா. பன்னெண்டே பன்னெண்டு.”

“ஒண்ணானாலும் மீன் மீன்தான், பாய்.”

ஹபீப் வாக்குவாதம் பண்ணவில்லை. எனாமல் கிண்ணத்தை மெதுவாக அவள் பக்கம் நீட்டினார். “இப்ப இதுல நெளியறது இன்னாங்கம்மா, துளசியா?”

அபீதகுஜாம்பாள் குனிந்து பார்த்தாள். இருபது முப்பது புழுக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வாலை ஆட்டின. எத்தனை நாளாக இவற்றைப் பொங்கலோடு சேர்த்துப் பொங்கினோம் என்று அவள் மனசு போட்ட கணக்கு முகத்திலேயே தெரிந்தது. உள்ளே போனாள். கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தாள்.

“இது எந்த ஊர் மீன்?”

“ஆபீஸ் தொட்டி மீனுங்கம்மா.”

“ஆபீஸ் மீன் வேண்டாம். அய்யங்குளத்துலேர்ந்து கொண்டு வாங்கோ. அதுகள் தெப்பத்துல சுவாமியைப் பாத்த மீன்கள்.”

அய்யங்குளத்தில் இருந்த கொசு மீன்களை இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆபீஸ் தொட்டியிலிருந்து கொண்டுபோய் விட்டவரே ஹபீப்தான். அதைச் சொல்ல வாய் வரை வந்தது. இரண்டு தெப்பம் பார்த்தாகிவிட்டதே, இனி அவை சுவாமி மீன்கள்தான் என்று தமக்குத் தாமே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு வாயை மூடினார். அன்று சாயங்காலமே பன்னிரண்டு மீன்கள் குருக்கள் வீட்டில் கிரகப்பிரவேசம் செய்தன.

அடுத்த வாரம் கிணற்றில் புழு பாதி. அதற்கடுத்த வாரம் சுத்தமாக இல்லை. ஹபீப் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சுவரில் கையெழுத்துப் போட்டார். ஆடி பிறந்து முதல் வாரம் வந்து பார்த்தால், கிண்ணத்தில் மறுபடியும் புழு. முன்பைவிட ஜாஸ்தி. அதிகாரி வர எட்டே நாள் இருந்தது.

மீன்கள் செத்துவிட்டனவோ என்று கண்ணாடியை அடித்துப் பார்த்தார். சாகவில்லை. ஒவ்வொன்றும் கொழுகொழுவென்று, பந்தி முடிந்த சம்பந்தி மாதிரி அசைய மனமில்லாமல் மிதந்தது. புழுக்கள் அவற்றின் மூக்குக்கு முன்னாலேயே உலாத்தின. ஹபீப் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கும்போது பூஜை மணி கேட்டது. அபீதகுஜாம்பாள் ஒரு தட்டோடு வந்தாள். தட்டில் சர்க்கரைப் பொங்கல். சின்னச் சின்ன உருண்டையாக உருட்டிக் கிணற்றுக்குள் போட்டாள். மீன்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தன.

“தினம் போடறீங்களாம்மா?” என்று கேட்டார் ஹபீப்.

“பத்து நாளா ரெண்டு வேளையும். ஆத்துக்கு வந்த ஜீவன்களைப் பட்டினி போடலாமா? ஒண்ணு தெரியுமோ, பாய், இப்போ அதுகள் புழுவைத் தொடறதே இல்லை. சைவமாயிடுத்துகள்.”

அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. ஹபீப்புக்குப் பீடிக்கடை முக்காலி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. மருந்து ஊற்றலாம் என்றால் குடிக்கிற கிணறு. வேறு மீன் விட்டால் அதுவும் நாலு நாளில் சைவமாகிவிடும். தாங்க முடியாமல் முழுக் கதையையும் சொன்னார். வேலூர் அதிகாரி, பட்டியல், நாற்பது வயது எல்லாம்.

குருக்களின் மகள் அகிலாண்டேஸ்வரி அரசுக் கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தாள். சூழலியல் பாடத்துக்கு ரெக்கார்டு நோட்டில் படம் போட்டபடி உட்கார்ந்திருந்தவள் எழுந்து வந்து நோட்டையே விரித்துக் காட்டினாள்.

“பாரும்மா. இதுக்குப் பேர் உணவுச் சங்கிலி. வெயில்ல பாசி வளர்றது. பாசியைப் புழு திங்கறது. புழுவை மீன் திங்கறது. ஒண்ணை ஒண்ணு திங்கறதாலதான் எதுவும் அளவு மீறாம இருக்கு.”

“மீனுக்கு மேல யாருடி?”

“நம்ம ஆத்துல யாரும் இல்லை.”

எங்கள் வீட்டில் நாங்கள்தான் என்று ஹபீப் மனசுக்குள் சொல்லிக்கொண்டார். இந்தப் படத்தைத்தானே ஒன்பது வருஷமாக வாளியில் தூக்கிக்கொண்டு அலைகிறோம், யாரும் மார்க் போடவில்லையே என்றும் தோன்றியது.

அகிலாண்டேஸ்வரி பென்சிலை எடுத்துப் படத்தின் ஓரத்தில் ‘அம்மா’ என்று எழுதினாள். அதிலிருந்து மீனுக்கு ஓர் அம்புக்குறி போட்டாள். யோசித்துவிட்டுப் புழுவுக்கும் ஒன்று போட்டாள்.

“புழுவுக்கு நான் எங்கேடி போட்டேன்?”

“மீன் தின்னது போக மிச்சம் அழுகறது. அதுல கிருமி வளர்றது. கிருமியைப் புழு திங்கறது. ரெண்டு பேருக்கும் நீதான் படியளக்கற.”

அபீதகுஜாம்பாள் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். “நான் போடலைன்னா அதுகள் புழுவைத் திங்கும். அப்போ என்னாலதானே அந்தக் கொலை? போட்டா புண்ணியம் இல்லை, போடாட்டா பாவம். இதை எந்த சாஸ்திரத்துல சொல்லியிருக்கு?”

“யூனிவர்சிட்டி சிலபஸ்ல சொல்லியிருக்கு” என்றாள் மகள்.

ஹபீப்புக்கு லேசாகத் தலை சுற்றியது. கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். “ஐயோ, மோர் கொண்டு வரேன், இருங்கோ” என்று அம்மாள் பதறினாள்.

“வாணாங்கம்மா. ரம்ஜான் நோன்பு.”

“ஜலமாவது?”

“பொழுது சாயற வரைக்கும் பல்லுல தண்ணி படாதுங்க. முப்பது நாளும்.”

அபீதகுஜாம்பாள் அசந்துபோனாள். விரதத்தில் அந்தத் தெருவிலேயே அவளை மிஞ்ச ஆள் கிடையாது. கிருத்திகை, பிரதோஷம், ஆடி வெள்ளி, சஷ்டி ஆறு நாளும் ஒரே ஒரு வாழைப்பழம். ஆனால் அவள் விரதத்தில் தண்ணீருக்குத் தடை இல்லை. எதிரே, ஆடி வெயிலில் இருநூறு கிணறு சேந்துகிற மனுஷன் எச்சில்கூட விழுங்காமல் நிற்கிறார். அவரை அவள் பார்த்த பார்வையே மாறிவிட்டது. ஹபீப் அந்தச் சமயத்தை விடவில்லை.

“அந்த மீனுங்களும் இந்த வூட்டுலதானேம்மா வாழுதுங்க. எட்டு நாள் விரதம் இருக்கட்டுமே.”

அகிலாண்டேஸ்வரி சிரிப்பை அடக்க நோட்டால் முகத்தை மூடிக்கொண்டாள். அம்மாள் சிரிக்கவில்லை. தட்டைக் கவிழ்த்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“சரி, இருக்கட்டும். ஆனா நான் கிணத்தை எட்டிப் பாக்க மாட்டேன். விரதத்துல அதுகள் உள்ளே என்ன பண்றதுன்னு எனக்குத் தெரிய வேண்டாம்.”

நாலாம் நாள் கோயில் வாசலில் சாம்பமூர்த்தி குருக்கள் ஹபீப்பை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார். “ஆத்துல ஒரு மாதிரியா இருக்கா, பாய். முகத்துல களையே இல்லை. நாலு நாளா என்னைத் திட்டவும் இல்லை. பயமா இருக்கு” என்றார். ஹபீப்புக்கும் பயம் வந்தது. கோபத்தில் அம்மாள் மறுபடியும் பொங்கலைப் போட்டுவிட்டால் எல்லாம் போச்சு. தினமும் ஏதாவது சாக்குச் சொல்லி அந்தத் தெருவில் நாலு நடை நடந்தார். மணிச் சத்தம் கேட்டால் அங்கேயே நின்று காதைத் தீட்டிக்கொண்டார்.

எட்டாம் நாள் மூன்று மணிக்கு வருவதாகச் சொன்ன அதிகாரி சகாதேவன் வந்து சேர்ந்தபோது ஆறு மணி. அந்த ஊரில் சூரியனுக்கு மலைக்குப் பின்னால் போக அவசரம் ஜாஸ்தி. வெயில் எப்போதோ போய்விட்டது. கண்ணாடி பாயின் கண்ணாடி பையிலேயே தூங்கியது. நாலு தெருவில் நாலு கிணறு பார்த்துவிட்டு, அதிகாரி கடைசியாக நேரே குருக்கள் வீட்டுக்குத்தான் வந்தார். ஊரில் இத்தனை வீடு இருக்க, அதிர்ஷ்டம் அவரை எங்கே கொண்டுவிட்டது பாருங்கள்.

முதல் வாளி சேந்தினார்கள். கிண்ணத்தில் ஒன்றும் இல்லை. இரண்டாவது வாளியிலும் இல்லை. மூன்றாவது வாளித் தண்ணீரில் ஒரு சின்னக் கறுப்புத் துணுக்கு நெளிந்தது. சகாதேவன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். ஹபீப்புக்கு உலகமே அந்தக் கிண்ணத்துக்குள் போய் நின்றுவிட்டது. ஒன்பது வருஷம், ஆயிரக்கணக்கான கையெழுத்து, எல்லாம் அந்தத் துணுக்கு என்னவென்பதில் இருந்தது.

“சார், அதுக்குப் பெரிசா ரெண்டு கண் இருக்கு. புழு இல்லை. மீன் குட்டி” என்றாள் அகிலாண்டேஸ்வரி. “இந்த ஜாதி மீன் முட்டை இடாது. குட்டி போடும்.”

சகாதேவன் இன்னும் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து சிரித்தார். “ஆமா, மீன்தான். உள்ள நல்லா வேட்டையாடியிருக்கு போல. இல்லைன்னா இந்தப் போக்குல குட்டி போடாது. பாய், உங்க பேர் நாளைக்கே பட்டியல்ல போகும்.”

வேட்டை என்ற சொல்லைக் கேட்டதும் கதவோரம் நின்றிருந்த அபீதகுஜாம்பாள் கண்ணை மூடிக்கொண்டாள். அதிகாரி சுவரில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். ஹபீப் கிண்ணத்து மீன் குட்டியைப் பத்திரமாகக் கிணற்றிலேயே விட்டார். அம்மாளுக்கு ஒரு சலாம் வைக்கலாம் என்று திரும்பினால், அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்தாள்.

“இப்பவாவது சாப்பிடும்மா. எட்டு நாளாச்சு” என்று மகள் ஓடி வந்தாள்.

“இன்னாது எட்டு நாளா?” என்றார் ஹபீப்.

“ஒரு வேளை வாழைப்பழம், பால். அவ்வளவுதான். கேட்டா, அதுகளைப் பட்டினி போட்டுட்டு நான் எப்படிச் சாப்பிடறதுங்கறா.”

ஹபீப் கிணற்றைத் திரும்பிப் பார்த்தார். கிணற்றுக்குள் மீன்கள் எட்டு நாளும் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டன. உண்மையில் விரதம் இருந்தது அவரும் இந்த அம்மாளும்தான்.

“எனக்கோசரமாம்மா?” என்றார்.

“ஒம்போது வருஷமா என் செவுத்துல கையெழுத்துப் போடறேள். வேற யாரோ வந்து கிறுக்கினா எனக்குப் பிடிக்காது.” அவள் மகளைப் பார்த்தாள். “வாழைப்பழம் இருக்கட்டும். பாய் இன்னும் நோன்பு திறக்கலை. அவர் திறந்தப்புறம் நான் சாப்பிட்டுக்கறேன்.”

கொஞ்ச நேரத்தில் பஜார்ப் பக்கமிருந்து பாங்கு கேட்டது. ஹபீப் சட்டைப் பையிலிருந்து, கண்ணாடித் துண்டோடு கிடந்த பேரீச்சம்பழத்தை எடுத்தார். அபீதகுஜாம்பாள் தானே எழுந்து, ஒரு வாரமாக எட்டிப் பார்க்காத கிணற்றில் ஒரு வாளி சேந்தி, எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். பழக்கதோஷம், ஹபீப் டம்ளரை வெளிச்சத்தின் பக்கம் சாய்த்துப் பார்த்தார்.

“புழு இல்லை, பாய். குடியுங்கோ.”

ஒன்பது வருஷமாக அந்தக் கிணற்றை எட்டிப் பார்த்தவர், அன்றுதான் அதன் தண்ணீரைக் குடித்தார்.